அலர்ட்: எச்சரிக்கை, விழிப்பூட்டல், நினைவூட்டு

ஒரே கட்டட வரைபடத்தைப் பலர் திறந்து வேலை செய்யும் அலுவலகங்களில், கோப்பு திறந்ததும் திரையின் நடுவில் ஒரு சிறு பெட்டி வந்து நிற்பதுண்டு. ‘தூண் அளவுகள் திருத்தப்பட்டுள்ளன, பழைய அச்சுப்படியைக் களத்துக்கு அனுப்பாதீர்கள்’ என்பதுபோல் ஏதாவது அதில் இருக்கும். ‘ஓகே’ அழுத்தும்வரை ஒரு கோட்டைக்கூடத் தொட முடியாது. வரைபடம் வரையும் ஆட்டோகேட் மென்பொருளில் இந்தப் பெட்டியை வரவழைக்கும் சொல்தான் ‘அலர்ட்’. அந்த மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் ஆட்டோலிஸ்ப் என்ற நிரல்மொழியின் சொல் அது.

இது இத்தாலியக் காவல் வீரர்களின் சொல். ‘எர்தா’ என்றால் செங்குத்தான மேடு. ‘ஆல்எர்தா’ என்றால் ‘மேட்டுக்கு ஏறு’. மேலே நின்று கண்காணி என்பது பொருள். தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கிளி ஓட்டியதைப் போன்ற காவல்தான். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது மேடு மறைந்து விழிப்பு மட்டும் மிஞ்சியது.

தமிழில் இதற்குப் பெரும்பாலோர் ‘எச்சரிக்கை’ என்று எழுதுகிறார்கள். கன்னடத்தில் ‘எச்சர’ என்றால் இன்றும் விழிப்புதான். தூங்குபவர் கண் திறப்பதற்கும் அதே சொல். தெலுங்கின் ‘ஹெச்சரிக’வும் இதன் உறவு. ஆனால் தமிழில் அந்தச் சொல் இறுகிவிட்டது. மின்கம்பத்தில் மண்டையோட்டுப் படத்துக்கு மேலே இருப்பது எச்சரிக்கை. காவல் நிலையத்தில் கண்டித்து அனுப்புவதும் எச்சரிக்கை. ஆபத்தோ அதட்டலோ இல்லாமல் நம் காதில் அது விழுவதில்லை. ஆகவே ‘அலர்ட்’டின் பொதுப்பொருளுக்கு, கைபேசித் திரைகளில் இப்போது பழகிவரும் ‘விழிப்பூட்டல்’ பொருத்தமானது. வரைபடக் கோப்பு திறக்கும்போது வரும் பெட்டிக்கோ அதுவும் சற்றுப் பெரிய சட்டை. அங்கே நடப்பது ஞாபகப்படுத்துவது. அரசு அலுவலகக் கடிதங்களில் வெகுகாலமாகப் புழங்கும் ‘நினைவூட்டு’ இருக்க வேறு சொல் எதற்கு?

இந்த வேறுபாட்டை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. ‘ஏகேட்டாக்’ (acaddoc.lsp) என்ற பெயருள்ள ஆட்டோலிஸ்ப் நிரல் கோப்பு, ஒவ்வொரு வரைபடம் திறக்கும்போதும் தானே ஓடும். (‘ஏகேட்’ (acad.lsp) என்று மட்டும் பெயரிட்டால், வழக்கமான அமைப்பில், மென்பொருள் தொடங்கும்போது ஒருமுறைதான் ஓடும்.) அதற்குள் அலர்ட் வரி ஒன்றை எழுதி வைத்தால் நினைவூட்டு தயார். ஆனால் தானே ஓடும் இதே வசதியைத்தான் 2012இல் ‘மெட்ரே’ என்ற கணினிப் புழு, அதாவது தானே பரவும் தீய நிரல், பயன்படுத்திக்கொண்டது. ஆட்டோலிஸ்ப்பிலேயே எழுதப்பட்ட அது, முக்கியமாகப் பெரு நாட்டில் பரவி, திறக்கப்பட்ட வரைபடங்களைச் சீனாவிலிருந்த மின்னஞ்சல் முகவரிகளுக்கு அனுப்பியது. ஆட்டோகேட் 2014 பதிப்பில் ‘செக்யூர்லோட்’ என்ற பாதுகாப்பு அமைப்பு வந்தது. நம்பகமான இடங்களின் பட்டியலில் இல்லாத கோப்புறையிலிருந்து நிரல் ஓட முயன்றால், ஓட விடலாமா என்று அது கேட்கும். அது உண்மையான எச்சரிக்கை. தூண் அளவைச் சொல்லும் பெட்டியும் ‘எச்சரிக்கை’ என்றே தினமும் பத்து முறை கத்தினால், விரல் படிக்காமலே ‘ஓகே’ அழுத்தப் பழகிவிடும். புழுவுக்கும் அதே விரல் கதவைத் திறந்துவிடும். பொதுக் கோப்புறையில் நினைவூட்டு வைப்பவர்கள், முதலில் அந்த இடத்தை நம்பகப் பட்டியலில் சேர்த்து, அதில் எழுதும் உரிமையை ஓரிருவருக்கு மட்டும் கொடுப்பது நல்லது.

பெட்டியின் தலைப்பை அலர்ட் வழியாக மாற்ற முடியாது. ‘ஆட்டோகேட் மெசேஜ்’ என்றே வரும். எனவே எந்த வகைச் செய்தி என்பதை உள்ளே எழுதும் முதல் சொல்தான் காட்ட வேண்டும். 2021 பதிப்பிலிருந்து ஆட்டோலிஸ்ப் யூனிகோடை முழுமையாக ஏற்பதால், அந்த முதல் சொல்லைத் தமிழிலேயே எழுதலாம்: ‘நினைவூட்டு: தூண் அளவுகள் திருத்தப்பட்டுள்ளன.’