வீட்டுத் தோட்டத்துல குளம்: டப் புதைக்கலாமா, ஷீட் விரிக்கலாமா?

பெங்களூர் ஹொரமாவு பக்கம் முப்பதுக்கு நாப்பது அடி சைட்ல வீடு கட்டிக் குடிவந்திருக்கிற ஒரு வாசகர் கேட்டிருந்தார். வீட்டு முன்னாடி கொஞ்சம் மண்ணு இருக்கு, அல்லி வளர்க்க சின்னதா ஒரு குளம் போடணும், ரெடிமேட் டப் வாங்கிப் புதைக்கலாமா இல்ல குழி வெட்டி ஷீட் விரிக்கலாமா, நர்சரிக்காரர் டப்தான் கெட்டிங்கிறார், மச்சான் ஷீட்தான் சீப்புங்கிறான், யார் பேச்சைக் கேக்குறதுன்னு. ரெண்டு பேர் சொல்றதும் சரிதான் சார். ஆனா நான் முதல்ல கேக்குறது வேற: உள்ள நிக்கப் போற தண்ணியோட கனத்தை யாரு தாங்கப் போறாங்க?

டப்னா ஃபைபர்கிளாஸ் இல்ல கெட்டி பாலிஎத்திலீன், கடையிலேயே வடிவம் வந்துடும், உள்ள செடி வைக்கத் திண்டு எல்லாம் இருக்கும். ஷீட்னா ரப்பரோ பிளாஸ்டிக்கோ, சுருட்டி வரும், குழி எப்படியோ அதுவும் அப்படி. இவ்வளவுதான் அறிமுகம்.

இப்ப ஸ்கூல்ல படிச்சதை ஒரு தடவை ஞாபகப்படுத்திக்குங்க. தண்ணியோட அழுத்தம் ஆழத்தை மட்டும்தான் பொறுத்தது, குளம் எவ்வளவு அகலம்ங்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ரெண்டடி ஆழத்துல அடித்தரையில ஒரு சதுர மீட்டருக்கு கிட்டத்தட்ட 600 கிலோ கனம். கேட்டா பயமா இருக்கு, இதை 1 மில்லிமீட்டர் ரப்பர் எப்படித் தாங்கும்னு தோணும். அது தாங்கவே இல்லைங்க, அதுதான் விஷயம்! சைக்கிள் ட்யூபை வெளியில எடுத்து வச்சு காத்தடிச்சா வீங்கி வெடிச்சிடும், அதே ட்யூப் டயருக்குள்ள இருந்தா எவ்வளவு அடிச்சாலும் கம்முனு கிடக்கும், ஏன்னா அழுத்தத்தை வாங்குறது டயர், ட்யூபோட வேலை காத்து வெளிய போகாம பாக்குறது மட்டும்தான். குளத்துல ஷீட்தான் ட்யூப், மண்ணுதான் டயர். அடியில ஷீட் ஒரு பக்கம் தண்ணிக்கும் இன்னொரு பக்கம் மண்ணுக்கும் நடுவுல நசுங்குது, அந்த நசுங்கல் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 60 கிராம்தான், அதெல்லாம் ரப்பருக்கு ஒண்ணுமே இல்ல.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுக்கு அடுத்ததுதான். ஷீட் எங்கயாவது மண்ணைத் தொடாம தொங்குச்சுன்னா என்ன ஆகும்? உதாரணமா சுவரும் தரையும் சேர்ற மூலையில நல்லா உள்ள போகாம, ஊஞ்சல் மாதிரி குறுக்க நிக்குதுன்னு வச்சுக்குங்க. அங்க மண்ணு உதவிக்கு இல்ல, ஷீட்டே இழுபட்டுத் தாங்கணும். அந்த இழுவிசை எவ்வளவுன்னா, தண்ணி அழுத்தத்தை வளைவோட ஆரத்தால பெருக்கினா வர்றது. ஆரம் 10 சென்டிமீட்டர்னா ஒரு மீட்டர் அகல ஷீட்டுக்கு 60 கிலோ இழுவை. ஆரம் 1 மீட்டர்னா 600 கிலோ! அதாவது ஷீட் எவ்வளவுக்கெவ்வளவு விறைப்பா, தட்டையா நிக்குதோ அவ்வளவுக்கவ்வளவு அதிகமா இழுபடும், தொளதொளன்னு தொங்கினா பிழைச்சுக்கும். அதனாலதான் தளர்வா விட்டு, கொசகொசன்னு மடிப்பு விழுந்தாலும் பரவாயில்லைன்னு தண்ணியை மெதுவா விட்டு, அதுவே ஷீட்டை மூலைமுடுக்கெல்லாம் தள்ளிக் கொண்டுபோய் மண்ணோட ஒட்ட வைக்கட்டும்னு விட்டுடணும். நம்ம மேஸ்திரிங்க கை சும்மா இருக்காது, பெட்ஷீட் விரிக்கிற நினைப்புல நாலு பக்கமும் இழுத்துப் பிடிச்சு ஓரத்துல கல்லு வச்சுடுவாங்க. அந்த ஒரு வேலையை மட்டும் பக்கத்துல நின்னு தடுத்துடுங்க, மடிப்பெல்லாம் ஒரு மாசத்துல பாசி பிடிச்சு கண்ணுக்கே தெரியாது.

டப் கதைக்கும் இதே கணக்குதான். டப் கெட்டிங்கிறதால தானே நின்னுக்கும்னு நினைக்கிறாங்க, ஆனா ரெண்டடித் தண்ணியைத் தனியா நின்னு தாங்குற அளவுக்கு எல்லா டப்பும் கெட்டி கிடையாது, அதுக்கும் சுத்தி மண்ணு முட்டுக்கொடுக்கணும். சிக்கல் என்னன்னா டப்போட வடிவத்துக்குக் குழியை வெட்டுறதுங்கிறது சாதாரண வேலை இல்ல, குறிப்பா உள்ள இருக்கிற திண்டுக்கு அடியில மண்ணு போய்ச் சேரவே சேராது. அங்க ஒரு வெற்றிடம் நின்னுபோச்சுன்னா, மேல ரெண்டு தொட்டிச்செடி வச்ச உடனே திண்டு தாழும், அந்த மடக்குலதான் கீறல் ஆரம்பிக்கும். அதனால டப்புக்குள்ள அரையடி தண்ணி, வெளியில அரையடி மண்ணு, மறுபடி தண்ணி, மறுபடி மண்ணுன்னு ரெண்டையும் சமமா ஏத்திக்கிட்டே வரணும், மண்ணைத் தண்ணி ஊத்தி இறக்கணும். ரசமட்டம் வச்சுப் பாக்காம இறக்கினீங்கன்னா ஒரு பக்கம் தண்ணி விளிம்பைத் தொடும், எதிர்ப்பக்கம் ரெண்டு இன்ச் பிளாஸ்டிக் பல்லைக் காட்டும், மொத்தத்தையும் தோண்டி எடுக்காம அதைப் பின்னாடி சரிபண்ண முடியாது.

அப்புறம் மிதக்குறது. 500 லிட்டர் டப்பைக் கழுவுறதுக்காக காலி பண்ணி வச்சிருக்கீங்க, ராத்திரி நல்ல மழை, சுத்தி இருக்கிற மண்ணு விளிம்பு வரைக்கும் ஊறிப்போச்சுன்னா கீழ இருந்து மேல தள்ளுற விசை அரை டன் வரைக்கும் வரும், டப்பையோ ஒரு ஆளே தூக்கிடலாம். காலியா விட்ட பிளாஸ்டிக் சம்ப் சில வீட்டுல மழைக்காலத்துல மேல எழும்பி வர்றதுக்கும் காரணம் இதேதான். பெங்களூர்ல பழைய ஏரிப்படுகையிலயும், ராஜகாலுவேங்கிற பெரிய மழைநீர்க் கால்வாய் ஓரத்துலயும் எத்தனை லேஅவுட் இருக்குன்னு நான் சொல்லணுமா என்ன, 2022 செப்டம்பர்ல பெல்லந்தூர், ஏமலூர் பக்கம் ஆளுங்களைப் படகுல கூட்டிட்டுப் போனதை ஊரே பாத்துச்சு. அந்த மாதிரி இடம்னா மழைக்காலத்துல டப்பைக் காலி பண்ணவே கூடாது. ஷீட்டும் இப்படி மேல உப்பும்தான், ஆனா தண்ணி விட்டா திரும்பப் படிஞ்சுக்கும்.

ஷீட்டுக்கு எதிரி கனம் இல்ல, கூர்மை. இங்க ஆத்து மணல் எங்க கிடைக்குது, எல்லாம் எம்-சாண்ட்தான், கருங்கல்லை உடைச்சுத் தூளாக்கினது, ஒவ்வொரு துகளும் முனை முனையா இருக்கும். "மணல் போட்டாச்சு சார்"னு மேஸ்திரி சொன்னா நம்பி விட்டுடாதீங்க, அதுக்கு மேல ஜியோடெக்ஸ்டைல்ங்கிற, மண்ணுல விரிக்கிற கெட்டித் துணி கண்டிப்பா வேணும்.

எந்த ஷீட்? கோலார் ரோட்டுல போனா வயலுக்கு நடுவுல கருப்பா பளபளன்னு கிருஷி ஹொண்டா, அதாவது பண்ணைக்குட்டை தெரியும், அது ஹெச்டிபிஇ ஷீட், கார்பன் கருப்பு கலந்திருக்கிறதால புறஊதாக் கதிரைத் தானே வாங்கிக்கும். ஆனா விறைப்பு ஜாஸ்தி, நேர் சரிவான பெரிய பண்ணைக்குட்டைக்கு லாயக்கு, வளைஞ்சு நெளியுற குட்டிக் குளத்துல மடங்க மாட்டேன்னு அடம்பிடிக்கும். பிவிசி மெத்துனு மடங்கும், ஆனா அந்த மெத்துத்தன்மை அதுல கலந்த எண்ணெய் மாதிரியான ஒரு பொருளால வர்றது, வருஷம் போகப் போக அது வெளியேறி ஷீட் மொறமொறன்னு ஆயிடும். என் ஓட்டு ஈபிடிஎம் ரப்பருக்குத்தான். இயற்கை ரப்பரோட மூலக்கூறு முதுகெலும்புல இரட்டைப் பிணைப்பு இருக்கும், காத்துல இருக்கிற ஓசோன் அங்கதான் வந்து வெட்டும். ஈபிடிஎம்ல அந்த இரட்டைப் பிணைப்பைப் பக்கக் கிளையில மட்டும் வச்சிருக்காங்க, வெட்டினாலும் முதுகெலும்பு உடையாது. விலை கூடத்தான். நம்ம வெயில்ல பத்து வருஷம் ஷீட்டைக் காயப்போட்டுப் பாக்குற ஆராய்ச்சிக்கு காசு கேட்டா எந்த கமிட்டிக்கும் உற்சாகம் வராது, ராக்கெட்னாதான் கை தட்டுவாங்க, ஆனா விவசாயி காசு கொட்டுறது இந்த மாதிரி ஷீட்லதான்.

வாசகர் வாஸ்துவையும் கேட்டிருந்தார், ஈசானிய மூலையிலதான் வைக்கணுமாம். அந்த மூலையில பக்கத்து வீட்டு மூணு மாடி நிழல் விழுந்தா அல்லி பூக்காது சார், அதுக்கு தினம் ஆறு மணிநேரம் வெயில் வேணும். இந்த ஊர் ஏரிங்களை வெட்டினவங்க மேட்டையும் பள்ளத்தையும் பாத்துத்தான் ஒண்ணு நிறைஞ்சா அடுத்ததுக்கு வழியுற மாதிரி அமைச்சாங்க, திசை பாத்திருந்தா தண்ணி வந்திருக்குமா?

இவருக்கு என் பதில் ஷீட்தான். 6 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி ஆழம்னா, ஒவ்வொரு அளவோடயும் ஆழத்தை ரெண்டு தடவையும் ஓரத்துக்கு ரெண்டடியும் கூட்டிக்குங்க: 12க்கு 11 அடி ஷீட். குழியில கிட்டத்தட்ட 1.7 டன் தண்ணி நிக்கும், தரையில இருக்கிறதால கவலை இல்ல. மொட்டை மாடின்னா கதையே வேற. ஆள் நடமாடுற மாடிக்கு நம்ம கட்டடத் தரநிலை எடுத்துக்குற சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான், அரையடித் தண்ணியிலயே அது தீர்ந்துடும். அங்க குழி வெட்டவும் முடியாது, இன்ஜினியர்கிட்ட கேட்டுட்டு, பீமுக்கு மேல ஒரு சின்ன டப் வைங்க, தனியா நிக்கிற மாதிரி செஞ்ச கெட்டியான டப்பைப் பாத்து வாங்குங்க. ரெண்டுலயும் கப்பி மீன் நாலு விடுங்க, இல்லன்னா டெங்கு கொசுவுக்குத்தான் குளம் வெட்டினதாகும்.

தண்ணி குறைஞ்சா உடனே ஷீட் ஓட்டைன்னு முடிவு பண்ணாதீங்க. ஒரு வாளியில தண்ணி நிரப்பி குளத்துக்குள்ள திண்டு மேல வச்சு, ரெண்டுலயும் மட்டத்தைக் குறிச்சு வைங்க. ஒரே அளவு இறங்கினா ஆவியாகுது. குளம் மட்டும் வேகமா இறங்குதுன்னா முதல்ல விளிம்பைப் பாருங்க, புல்லோ மண்ணோ ஷீட் ஓரத்தைத் தாண்டி தண்ணியைத் தொட்டுக்கிட்டிருந்தா விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற அதே நுண்புழை வேலையில ராத்திரி பகலா வெளிய உறிஞ்சிடும். புல்லை வெட்டி ஷீட் ஓரத்தை ரெண்டு இன்ச் தூக்கி விட்டாலே பல வீட்டுல லீக் நின்னுடும்.