பத்திரத்தில் எழுதி வாங்கினால் பேரப்பிள்ளை உங்களுடையது ஆகிவிடாது

மகள் இறந்த காரியம் முடிந்த கையோடு மருமகனிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். "குழந்தை மீது எனக்கு எந்த உரிமையும் இல்லை, மாமனார் மாமியாரே வளர்த்துக்கொள்ளலாம்." இரண்டு சாட்சி, நோட்டரி முத்திரை, கசங்காமலிருக்க பிளாஸ்டிக் உறை. சில வருடம் கழித்து அவர் பிள்ளையைக் கேட்டதும் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வருகிறார்கள். போன வாரமும் ஒரு தாத்தா வந்தார். "எழுதிக் கொடுத்தவன் எப்படி மேடம் திருப்பிக் கேட்கலாம்?"

கேட்கலாம். குழந்தை என்ன நிலமா, எழுதிக் கொடுத்துக் கைமாற்ற? கையெழுத்து யாருடையது என்பதற்குத்தான் நோட்டரி முத்திரை சாட்சி. பத்திரத்தைப் பதிவு செய்தாலும் இதே கதைதான். பிள்ளை உங்களிடம்தான் வளர்ந்தது, அப்போது தகப்பனும் சம்மதித்தார் என்று காட்ட அது உதவும், அவ்வளவே. குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்பதை, 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றம்தான் தீர்மானிக்கும். அங்கே முதல் கேள்வி குழந்தையின் நலன்.

தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. இயற்கைக் காப்பாளர், அதாவது பெற்றவர் என்ற முறையில் சட்டமே காப்பாளராக ஏற்பவர், என்பதால் மட்டும் வழக்கு உங்கள் பக்கம் வந்துவிடாது. மனைவியின் மரணத்தில் குற்ற வழக்கைச் சந்தித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கீழ் நீதிமன்றங்கள் மகனை ஒப்படைக்கச் சொன்னதை 2008இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சிறுவன் தாய்வழித் தாத்தா பாட்டியிடமே இருந்தான். ஆனால் 2019இல், தாய் புற்றுநோயில் இறந்தபின் அவருடைய உடன்பிறந்தவர்கள் வளர்த்த குழந்தையைத் தகப்பனிடமே ஒப்படைத்தது. இரண்டிலும் அளவுகோல் ஒன்றுதான். (எனவே "நம் பக்கம் தீர்ப்பு இருக்கிறதா?" என்று கேட்டு வராதீர்கள், குழந்தையின் நிலைமையைச் சொல்லுங்கள்.)

பேரப்பிள்ளையை வளர்க்கிறீர்களா? தகராறு வரும் என்று தெரிந்தால் காத்திருக்காமல் குழந்தை வசிக்கும் ஊரின் குடும்ப நல நீதிமன்றத்தில் மனு போடுங்கள், இடைக்கால உத்தரவும் கேளுங்கள். தடுப்பூசி அட்டை, பள்ளி ரசீது எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். வழக்கு வந்த பிறகு டி.சி. வாங்கி வேறு ஊருக்குக் கூட்டிப் போகாதீர்கள்; அது உங்களுக்கு எதிராகத்தான் போகும்.

பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். நீதிபதி தன் அறையில் தனியாகக் கேட்கும்போது, ஏழு வயதுக் குழந்தை "அப்பா எங்களைப் பராமரிக்கத் தவறிவிட்டார்" என்று ஒப்பித்தால் அது யாருடைய வாக்கியம் என்று அவருக்குத் தெரியாதா?

அப்புறம், தகப்பன் போன் செய்தால் தயவுசெய்து கொடுங்கள். உங்களுக்கும் அவருக்கும் உள்ள கோபம் என்னவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். தாயை இழந்த பிள்ளை அது, தகப்பன் குரலையாவது கேட்கட்டும்.