சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி: இன்சுலின் சிரிஞ்ச்ல இருக்கற கோடு எதைக் காட்டுது?

இன்சுலின் சிரிஞ்ச்ல 20னு போட்ட கோடு வரைக்கும் மருந்து இழுத்தா 20 யூனிட் வந்துடும்னு தான் ஊசி போடப் பழகுற பசங்க பலபேர் நினைக்கிறாங்க. பாட்டிலும் சிரிஞ்சும் ஜோடி சேர்ந்தா மட்டும் தான் அது உண்மை. ஒரே டம்ளர்ல முதல் டிகாஷனும் ஊத்தலாம், ரெண்டாவது டிகாஷனும் ஊத்தலாம், டம்ளரைப் பார்த்து காபி எவ்வளவு ஸ்ட்ராங்னு சொல்ல முடியாதில்ல, அது மாதிரி தான்.

இந்தியால பாட்டில்ல வர்ற சாதா இன்சுலின் பெரும்பாலும் 1 மில்லிக்கு 40 யூனிட். இன்சுலின் பேனாவுக்குள்ள (பேனா மாதிரி இருக்கற ஊசி) போடற கார்ட்ரிட்ஜ்ல, அதாவது சின்ன மருந்துக் குப்பில, பொதுவா 1 மில்லிக்கு 100 யூனிட், சில பாட்டில்லயும் 100 வருது. 40க்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், 100க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச்.

இப்ப கணக்கைப் பாருங்க. டாக்டர் எழுதினது 20 யூனிட். கையில சிவப்பு மூடி சிரிஞ்ச், மருந்து மட்டும் 100. 20வது கோடு வரைக்கும் இழுத்தா அது அரை மில்லி, அந்த அரை மில்லில 50 யூனிட் இருக்கு, அதாவது ரெண்டரை மடங்கு. இதையே திருப்பிப் போட்டா, 40 மருந்தை ஆரஞ்சு மூடில 20 கோடு இழுத்தா வெறும் 0.2 மில்லி, உள்ள போறது 8 யூனிட் தான், சுகர் ஏறிக்கிட்டே இருக்கும், ஏன்னு யாருக்கும் புரியாது.

ரொம்ப பயப்பட வேண்டியது முதல் கேஸ். ரெகுலர் இன்சுலின் போட்டு அரை மணி நேரத்துல வேலையை ஆரம்பிக்கும், உச்சத்துக்குப் போக 2ல இருந்து 4 மணி நேரம் ஆகும். ஊசி போட்டப்ப நல்லா பேசிட்டு இருந்தவர் வீட்டுக்குப் போனப்புறம் வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறி மயங்கி விழலாம், பக்கத்துல யாரும் இல்லாமலும் போகலாம். சுகர் 70க்குக் கீழ போயிருந்து ஆள் முழிப்பா இருந்தா, நல்லா முழுங்கவும் முடிஞ்சா, 15 கிராம் குளுக்கோஸ் குடுத்து 15 நிமிஷத்துல திரும்பப் பாருங்க. மயக்கத்துல இருக்கறவர் வாயில தயவு செஞ்சு எதையும் ஊத்தாதீங்க, அது நுரையீரலுக்குப் போயிடும், உடனே டாக்டரையோ 108ஐயோ கூப்பிடுங்க.

இந்தத் தப்பு நடக்க ரொம்ப வாய்ப்பு இருக்கற இடம் எதுன்னா, பேனா ரிப்பேர், டோஸ் நேரம் வந்துடுச்சு, சரி கார்ட்ரிட்ஜ்ல ஊசியைக் குத்தி சிரிஞ்ச்லயே இழுத்துடலாம்னு அவசரத்துல முடிவு பண்றது தான். அந்த நேரத்துல கைக்குக் கிடைக்கறது பெரும்பாலும் சிவப்பு மூடி. மனசுக்குள்ள பெருக்கி வகுத்து சமாளிக்கலாம்னு சிலர் சொல்வாங்க, நான் அதை ஒத்துக்கவே மாட்டேன், சரியான சிரிஞ்ச் வர்ற வரைக்கும் நிறுத்துங்க, சீனியர் கிட்ட சொல்லுங்க. இன்னொண்ணு, 1 மில்லி ஆரஞ்சு சிரிஞ்ச்ல பொதுவா ஒரு சின்னக் கோடு 2 யூனிட், சிவப்புல 1 யூனிட், அதனால கோட்டை எண்ணாம பக்கத்துல இருக்கற நம்பரைப் படிங்க.

மூடியைக் கழட்டி ட்ரேல போட்டுட்டா கலரும் போச்சு. அதனால மூடி இருக்கும்போதே லேபிள்ல 40ஆ 100ஆன்னு பார்த்து, சிரிஞ்ச் மேல அச்சடிச்ச நம்பரையும் பார்த்து, ரெண்டையும் வாய் விட்டுப் படிங்க, இழுத்ததும் இன்னொருத்தர்கிட்ட காட்டிட்டு அப்புறமா பேஷண்ட் பக்கம் போங்க.