வெறுப்புக் குற்றம்

'முன்விரோதம் காரணமாக வெட்டிக் கொலை' என்று நாளிதழில் அடிக்கடி படிக்கிறோம். அடித்தவருக்கும் அடிபட்டவருக்கும் இடையே அங்கே ஒரு பழைய கணக்கு இருக்கும். வெறுப்புக் குற்றத்துக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. இனம், மதம், சாதி, பாலினம் போன்ற ஓர் அடையாளத்துக்காகவே ஒருவரைத் தேர்ந்தெடுத்துத் தாக்கினால் போதும். அவர் முன்பின் தெரியாதவராகக்கூட இருக்கலாம்.

'ஹேட் கிரைம்' என்ற தொடர் அமெரிக்காவில் 1980களில் பரவியது. இவ்வகைக் குற்றங்களைக் கணக்கெடுக்க 1990இல் அங்கே ஒரு சட்டமே வந்தது. நாம் அந்தத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக்கொண்டோம். ஆங்கிலத்தில் இருந்த குழப்பமும் கூடவே வந்தது. 'மனசுக்குள் வெறுத்தால் அதற்கும் ஜெயிலா?' என்று கேட்க வைக்கிற பெயர் இது.

இதே கேள்விதான் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில வழக்கு ஒன்றில் எழுந்தது. 1989இல் கெனோஷா நகரில் ஒரு சிறுவனை, வெள்ளை இனத்தவன் என்பதற்காகவே கறுப்பின இளைஞர்கள் அடித்தார்கள். (இத்தகைய சட்டம் ஒரு தரப்புக்கு மட்டும் சலுகை என்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.) 2 ஆண்டாக இருந்த உச்சத் தண்டனை, இனம் பார்த்து ஆளைத் தேர்ந்ததால் 7 ஆண்டாக உயர்ந்தது, குற்றவாளிக்கு 4 ஆண்டு கிடைத்தது. 1993இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை ஒருமனதாக ஏற்றது. எதையும் நினைக்கலாம், பேசலாம். அந்த நினைப்பை வைத்து அடிக்க ஆள் பொறுக்கினால் சட்டம் தலையிடும்.

இந்தியாவில் இதற்கு நெருங்கிய உறவு 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 10 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனைக்குரிய குற்றத்தைப் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் 'என்ற காரணத்தால்' ஒருவருக்கு இழைத்தால் ஆயுள் தண்டனை என்றது அது. காரணத்தை மெய்ப்பிப்பது எளிதல்ல. 2015 திருத்தம் அதை, அவர் அந்தப் பிரிவினர் எனத் 'தெரிந்தே' செய்தால் போதும் என்று மாற்றியது.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு வேடிக்கையானது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சாதி, மொழி, பிறப்பிடம் போன்றவற்றுக்காகக் கொன்றால் தூக்கு அல்லது ஆயுள். சாதாரணக் கொலைக்கும் அதேதான். 'தனிப்பட்ட நம்பிக்கை' இருக்கும் அந்தப் பட்டியலில் 'மதம்' என்ற சொல் இல்லை.

இருந்தும் தனிப்பிரிவு வேண்டும் என்பேன். அது இருந்தால்தான் விசாரணை அதிகாரி 'ஏன் இவரை?' என்று கேட்டு எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் அடிதடிக் கணக்கில் போய்விடும்.

தமிழில் 'இனவெறிக் குற்றம்' குறுகலானது. 'வன்கொடுமை' ஏற்கெனவே வேறு சட்டத்தோடு ஒட்டிவிட்டது. 'அடையாள வெறுப்புக் குற்றம்' பொருளுக்கு நெருக்கம். நீளம்தான். ஆனால் 'கௌரவக் கொலை'யை 'ஆணவக் கொலை' ஆக்கியவர்கள் நாம், இதுவும் பழகிவிடும்.