மீளப்பெறலா, மீளழைப்பா?

"எயார்பேக் குறைபாடு காரணமாக இன்ன ஆண்டுகளில் தயாரிக்கப்பட்ட கார்கள் மீளப்பெறப்படுகின்றன" என்று செய்தி வரும்போதெல்லாம், இலங்கையின் கிழக்கே கல்முனையிலும் களுவாஞ்சிகுடியிலும் கராஜ்களில் அதே கேள்வி எழுகிறது: "அப்ப காரை எடுத்துட்டுக் காசத் தருவாங்களா?" லீசிங் கட்டி முடியாதவர் அஞ்சிக்கொண்டு கேட்கிறார்: "இழுத்துட்டுப் போயிருவாங்களா?" செய்தியில் உள்ள சொல்லைப் பொருள் உணர்ந்து கேட்டவருக்கு இவ்விரண்டில் ஒன்றுதான் தோன்றும். ஆகவே பிழை அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவரிடத்தில் இருக்கிறது.

மூலச்சொல் ஆங்கிலத்தின் 'ரீகோல்'. 'மீண்டும்' என்னும் முன்னொட்டும் 'அழை' என்னும் வினையும் சேர்ந்தது. வெளிநாட்டுக்கு அனுப்பிய தூதரைத் திரும்பி வருமாறு அழைப்பதற்கு வழங்கி, பின்னர் தொழிற்சாலைப் பொருள்களுக்கும் வந்தது. பிரெஞ்சின் 'ரப்பெல்', ஜேர்மனின் 'றுக்ரூஃப்' ஆகியவற்றிலும் அழைப்பே அடிப்பொருள். ஜப்பானியர் ஆங்கிலச் சொல்லையே தம் ஒலிக்கு மாற்றிக்கொண்டனர். இவற்றுள் எதிலும் பெறுதல் என்னும் பொருள் இல்லை.

நடைமுறையும் அழைப்புத்தான். பாதுகாப்பைப் பாதிக்கும் குறை ஒன்று ஒரு வகை வாகனங்களில் இருப்பதைத் தயாரிப்பாளர் தாமாகக் கண்டாலோ, அரசின் ஆய்வில் அது வெளிப்பட்டாலோ, உரிமையாளரை அழைத்துக் கட்டணமின்றி அக்குறையைத் தீர்த்துக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் 1966ஆம் ஆண்டு வாகனப் பாதுகாப்புச் சட்டத்தின் வழி வந்த இன்றைய விதிகள் திருத்திக் கொடுத்தல், மாற்று வாகனம் கொடுத்தல், பணத்தைத் திருப்பிக் கொடுத்தல் என்னும் மூன்று வழிகளைச் சொல்கின்றன. முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டுகள் வரை இது இலவசம். நடைமுறையில் மிகப் பெரும்பாலும் நிகழ்வது முதலாவதே. காலையில் விட்ட காரை மாலையில் ஓட்டிக்கொண்டு வீடு திரும்பலாம். அவ்வாறு திருத்தும்போது உரிமை ஒரு நாளும் கைமாறுவதில்லை.

இப்போது 'மீளப்பெறல்' என்பதை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பில் எந்த வங்கிக்குப் போனாலும், சேமிப்பிலிருந்து பணம் எடுப்பதற்கு 'மீளப்பெறல்' என்றுதான் சொல்கிறோம். தன்னுடையதைத் தான் திரும்ப எடுத்துக்கொள்வது அதன் பொருள். அது அந்த இடத்தில் மிகப் பொருத்தமான சொல். அதே சொல்லை வாகனத்துக்கு வைத்தால், கார் இன்னும் கம்பனியின் சொத்து, அதை அவர்கள் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்றாகிறது. தவணை தவறிய முச்சக்கர வண்டிகளை நிதிக் கம்பனிகள் வந்து எடுத்துச் செல்வதைக் கண்டு பழகிய ஊர்களில் அந்தச் சொல் அச்சத்தையே விதைக்கும். அஞ்சியவர் செய்தியை மறைத்து வைப்பாரே தவிர, செசி இலக்கத்தை, அதாவது வாகனத்தில் பொறித்திருக்கும் அடையாள இலக்கத்தை, கொண்டுபோய்ச் சரிபார்க்க மாட்டார். பணம் கிடைக்கும் என்று நம்பியவரோ, பழுதான உதிரிப்பாகத்தை மட்டும் மாற்றித் தருகிறோம் என்று சொன்னதும் ஏமாற்றப்பட்டதாக எண்ணித் திரும்பி விடுவார். இருவருமே தமக்குரிய இலவசத் திருத்தத்தை இழக்கிறார்கள். உயிரைக் காக்க வந்த ஓர் அறிவித்தல் ஒரு வினைச்சொல்லால் பயனற்றுப்போவதைச் சிறு பிழை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

தமிழ்நாட்டு நாளிதழ்களின் 'திரும்பப் பெறுதல்' இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்காக வாதிடுவோர், இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 110ஏ பிரிவைக் காட்டலாம். வாகனத்தின் முழு விலையை வாங்கியவருக்கு ஈடுசெய்தல் அதிலே கூறப்பட்டுள்ளது உண்மை. ஆனால் மாற்று வாகனம் கொடுத்தலும் திருத்துதலும் அதே பிரிவில் உள்ளன. மூன்று தீர்வுகளுள் அரிதாக நிகழும் ஒன்றைப் பிடித்து முழுச் செயலுக்கும் பெயராக்குவது எந்தச் சொல்லாக்க முறைக்கும் ஒவ்வாது. மேலும் ஒரு சட்டத்தையோ வழக்கையோ 'திரும்பப் பெற்றார்' என்றால், இனி அது இல்லை என்று பொருள். திருத்தப்பட்ட காரோ தெருவில் தொடர்ந்து ஓடுகிறது.

'வாகன மீட்பு' என்று எழுதுவோரும் உளர். மீட்பு என்றால் அடகு நகையும் வெள்ளத்தில் அகப்பட்டவரும்தான் நினைவுக்கு வருவர். கணினி மொழிபெயர்ப்பு சில வேளைகளில் தரும் 'நினைவுகூரல்' பற்றிப் பேசவே வேண்டியதில்லை. அதை அப்படியே எடுத்துப் பதிவேற்றுவோர் தாம் எழுதியதை ஒரு முறையேனும் வாய்விட்டு வாசிக்க வேண்டும்.

'திருத்த அழைப்பு' என்பதை மட்டும் நான் எளிதில் தள்ளமாட்டேன். நம் பகுதியில் கராஜுக்கு 'வாகனம் திருத்துமிடம்' என்று பலகை எழுதுகிறோம். ஆகவே சொல் உடனே விளங்கும். ஆனால் மாற்று வாகனமும் பணமும் அதற்குள் அடங்கவில்லை. சட்ட ஆவணத்தில் அந்தக் குறை உரிமையாளருக்கு எதிராகத் திரும்பக்கூடும். எனவே என் தேர்வு 'மீளழைப்பு'. மீளாய்வு, மீளாக்கம் என்று ஏற்கெனவே வழங்கும் சொற்களைப் போலவே மீள் என்பதும் அழைப்பு என்பதும் இயல்பாகப் புணர்கின்றன. வினையாக வைத்தாலும் 'மீளழைத்துள்ளது' என்று இடறாமல் வருகிறது. சட்டத்தில் முழுமையாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'குறைதீர் மீளழைப்பு' எனலாம். குறை எப்படித் தீர்க்கப்பட்டாலும் அச்சொல் தாங்கும். தொலைபேசியில் திரும்ப அழைப்பதோடு மயங்காதா என்றால், 'வாகன' என்னும் அடை முன்னே நிற்கும்போது யாரும் மயங்கப்போவதில்லை.

அழைப்பு என்று சொல்வதன் அவசியத்துக்கு, ஜப்பானிய எயார்பேக் தயாரிப்பாளரான தகாட்டாவின் விவகாரமே போதிய சான்று. அந்நிறுவனத்தின் எயார்பேக்குகளில் பையை ஊதச் செய்யும் உலோகக் கலத்தினுள் அமோனியம் நைத்திரேற்று பயன்பட்டது. நீண்டகால வெப்பமும் ஈரப்பதனும் அதைச் சிதைக்க, விபத்தின்போது கலமே வெடித்து உலோகத் துண்டுகள் ஓட்டுநர்மீது பாய்ந்தன. உலகெங்கும் 10 கோடியளவில் கலங்கள் மீளழைப்புக்கு உள்ளாயின. 2017இல் நிறுவனம் வங்குரோத்தடைந்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளின் வாகனங்களுக்கே அமெரிக்கா முன்னுரிமை கொடுத்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கார் நிறுத்தும் நமக்கு இது தூரத்துச் செய்தியாக முடியாது. ஜப்பானிலே 2018 மே மாதம் தொடக்கம், ஆபத்து மிகுந்த கலங்களை மாற்றாத கார்கள் கட்டாயப் பரிசோதனையில் தேறவே முடியாமற் போயிற்று.

நம்மிடையே ஓடும் கார்களில் பல ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்தவை. அவற்றுக்கான அழைப்புக் கடிதம் ஜப்பானில் இருந்த முதல் உரிமையாளருக்கே போயிருக்கும். ஆயினும் குறை காரோடுதான் கப்பலேறுகிறது. ஆதலால் அழைப்பும் காரைப் பற்றியதே. அந்நாட்டுக் கார்களின் செசி இலக்கத்தில் மொடல் குறியீடும் அதன்பின் தொடரிலக்கமும் மட்டுமே இருக்கும். 17 எழுத்து கேட்கும் அமெரிக்கத் தேடல் தளத்தில் அதை இட்டால் விடை வராது. தயாரிப்பாளரின் ஜப்பானியத் தளத்தில் பார்க்க வேண்டும், அல்லது இங்குள்ள முகவரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

விற்றவரோடு பிணக்கு என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும், 1977 என்னும் இலக்கத்தில் விசாரிக்கலாம். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டமும் பொருளின் தரம் பற்றிய உள்ளார்ந்த நிபந்தனைகளைக் கொண்டது. இவ்வுரிமைகளைத் தமிழில் எடுத்துச் சொல்வோர் அகராதியின் முதற்பொருளை வைத்துவிட்டு எழுந்துவிடுவதே என் மனக்குறை. 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் காரைதீவில் பிறந்தவர். அந்த மண்ணில் வெளிவரும் அறிவித்தல்களிலாவது சொல்லை எடைபோட்டு வைக்கும் பொறுப்பு இருக்க வேண்டும். 'மீளழைப்பு அறிவித்தல்' என்று தலைப்பிட்டு, மொடல், செசி இலக்க வரிசை, குறை இன்னதென்பது, 'திருத்தம் இலவசம், வாகனம் உங்களுடையதாகவே இருக்கும்' என்னும் வரி ஆகியவற்றை அதன் கீழ் எழுதினால், கல்முனையில் அந்தக் கேள்வி எழாது.