கட்டிலுக்கடியில் மருந்துப் பெட்டி

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தான். பி.எஸ்சி. வேதியியல், முதல் வகுப்பு. மெடிக்கல் ரெப்பாகச் சேர்ந்து எட்டு மாதம். "சார், மூணு மாசமா டார்கெட்டுக்குக் குறைஞ்சதை நானே ஸ்டாக்கிஸ்ட்கிட்ட வாங்கிட்டேன். அம்மா சங்கிலியை அடகு வச்சுத்தான்" என்றான். ஸ்டாக்கிஸ்ட் என்றால் கம்பெனி மருந்தைக் கடைகளுக்கு அனுப்பும் மொத்த வியாபாரி. 38,000 ரூபாய் மருந்து மேன்ஷன் அறையில் கட்டிலுக்கடியில் கிடக்கிறதாம். இந்த வருடம் நான் கேட்கும் நான்காவது கதை இது. பாளையங்கோட்டையில் பை தூக்க ஆரம்பித்து ஏரியா மேனேஜர் ஆனவன் நான். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

"உனக்கு வாய் நல்லா இருக்கு, சேல்ஸுக்குப் போ" என்று சொல்லி இவனை அனுப்பிவைத்தவர்கள் மேல்தான் என் கோபம்.

வாய் வேண்டுமா? வேண்டும், சாம்பாருக்கு உப்பு அளவுக்கு. ஓ.பி. முடிந்து, கடைசி நோயாளியும் போன பிறகு, எட்டு ரெப்புகளோடு வரிசையில் நின்றால் டாக்டர் தருவது ஒன்றிரண்டு நிமிடம். அதற்குள் அவர் "கிட்னி சரியில்லாம கிரியேட்டினின் ஏறின ஆளுக்கு டோஸ் என்ன?" என்று கேட்டால் இனிமையான குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? "பார்த்துச் சொல்றேன் டாக்டர்" என்று சொல்லி, மறுநாள் தாளோடு போய் நின்ற ரெப்பை அவர் மறப்பதில்லை. மழுப்பியவனையும் மறப்பதில்லை.

நேர்காணலில் நான் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் ஏன் போடச் சொல்கிறோம்? உயிர்வேதியியல் படித்தவர்களுக்கு இது பழைய பாடம். ஆனால் எம்.எஸ்சி. முடித்த பிள்ளைகூட அதை விட்டுவிட்டு, "எங்கள் பிராண்டு மிகவும் பாதுகாப்பானது சார்" என்று ஆரம்பிக்கும். படிப்பைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு வரச் சொன்னது யார்? போகட்டும், அந்தப் பேச்சே தப்பு. 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட மருந்து விற்பனை நெறிமுறை, தகுந்த விளக்கம் இல்லாமல் ஒரு மருந்தைப் 'பாதுகாப்பானது' என்று சொல்லக்கூடாது என்கிறது. பக்க விளைவே இல்லை என்று அடித்துச் சொல்வதற்கும் தடை. டாக்டருக்குப் பரிசுப் பொருளும் கூடாது.

சரி, சரக்கு ஓடவில்லை. ஏன் என்று பார்க்க வேண்டாமா? ஆர்.சி.பி.ஏ., அதாவது மருந்துக்கடையில் எந்த மருந்துக்குச் சீட்டு வருகிறது என்று எடுக்கும் கணக்கு, ஒப்புக்கு நிரப்புகிற தாள் இல்லை. மருந்துக்கடை கவுண்டரில் அரை மணி நேரம் நின்றால் எந்த டாக்டரின் சீட்டு வருகிறது, கடைக்காரர் எதை மாற்றிக் கொடுக்கிறார் என்று தெரிந்துவிடும். காலேஜ் லேபில் டைட்ரேஷன் செய்யும்போது அளவு ஒத்துவரவில்லை என்றால், கரைசலை அளந்து விடும் பியூரெட்டைப் பார்க்காமல் ரெக்கார்டில் எண்ணைத் திருத்துவோமே, சொந்தக் காசில் சரக்கு எடுப்பதும் அதே வேலைதான். நீங்கள் எடுத்த சரக்கும் விற்பனைக் கணக்கில்தான் ஏறும். அடுத்த டார்கெட்டை அதற்கு மேல்தான் போடுவார்கள். அப்புறம், அதைக் கடையில் தள்ளிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் மருந்து விற்பது குற்றம்.

சேரும்போதே நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். நம் தொழிலுக்கென்று 1976-லேயே வந்த சட்டத்திலேயே இதைச் சொல்லியிருந்தார்கள். டெபாசிட் கட்டு என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மாதக் கடைசியில் சரக்கு எடுக்கச் சொல்லி நெருக்கும் மேனேஜரிடம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் பதில் சொல்லுங்கள்.

ரெப் வேலை ஒத்துவராவிட்டால் டயக்னாஸ்டிக் கம்பெனிகள் இருக்கின்றன. லேபுகளில் ரத்தம் முதலியவற்றைப் பரிசோதிக்கும் அனலைசர் கருவியை ஓட்டிக் காட்டவும் டெக்னீஷியனுக்குக் கற்றுக்கொடுக்கவும் நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் படித்தவர்களைத்தான் தேடுகிறார்கள். தயவுசெய்து அதையும் விசாரியுங்கள்.

அந்தத் தம்பியிடம் பேட்ச் எண்களோடு பட்டியல் எழுதி, ஸ்டாக்கிஸ்ட் வழியாகத் திருப்ப முடியுமா என்று மேனேஜருக்கு மெயில் போடச் சொன்னேன். நேற்று ராத்திரி பட்டியலை எனக்கும் அனுப்பியிருந்தான். பாதிப் பெட்டிகளுக்கு இன்னும் இரண்டே மாதத்தில் எக்ஸ்பைரி.