பார்சர் ஜெனரேட்டரின் எச்சரிக்கையைப் படித்தீர்களா?

ஒரு மொழியின் இலக்கண விதிகளைக் கொடுத்தால், அந்த மொழியைப் படித்துப் பிரிக்கும் நிரலை (பார்சர்) உருவாக்கித் தருபவை பார்சர் ஜெனரேட்டர்கள். யாக், பைசன் போன்ற அந்தக் கருவிகளுக்கு எழுதிய இலக்கணம் ஒன்றை யாராவது ரிவியூவுக்கு அனுப்பினால், விதிகளைப் படிக்கும் முன் ஒன்று கேட்பேன்: எத்தனை கான்ஃப்ளிக்ட் (எந்த வழியில் போவது என்று பார்சர் குழம்பும் இடம்) காட்டுகிறது? "கொஞ்சம் காட்டுது, ஆனா ஓடுது" என்பார்கள்.

ஓடத்தான் செய்யும். அடுத்த குறியை உள்ளே வாங்குவதா (ஷிஃப்ட்), வாங்கியதை ஒரு விதிப்படி சுருக்குவதா (ரெட்யூஸ்) என்ற ஷிஃப்ட்/ரெட்யூஸ் கான்ஃப்ளிக்ட் வந்தால் பைசன் நிற்பதில்லை. ஷிஃப்டைத் தானே தேர்ந்துகொண்டு, ஓர் எச்சரிக்கையோடு பார்சரைக் கையில் கொடுத்துவிடும்.

'கோவை (எக்ஸ்பிரஷன்) என்பது ஓர் எண். அல்லது கோவை, கழித்தல் குறி, கோவை' என்று ஒரு விதி எழுதிப் பாருங்கள். படிக்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் 10 - 4 - 3 கொடுத்தால் 3 வராது, 9 வரும். ஷிஃப்ட் ஜெயிப்பதால் 4 - 3 முதலில் சேர்ந்துவிடுகிறது. இதே பாணியில் கூட்டலும் பெருக்கலும் எழுதினால் 2 * 3 + 4 என்பது 14. வெறும் 10 - 4 வைத்து டெஸ்ட் எழுதியவருக்கு இது எதுவும் கண்ணில் படாது.

குறிகளுக்கு இடப்பக்கச் சேர்க்கையையும் (இடப்பக்கம் இருப்பது முதலில் சேர்வது) முன்னுரிமையையும் அறிவித்தால் இது தீரும். ஆனால் எச்சரிக்கையின் வாயை அடைப்பதற்காகக் கண்ட விதிக்கெல்லாம் முன்னுரிமை ஒட்டுகிறார்களே, அது எனக்குப் பிடிப்பதில்லை. பைசன் 3.7 முதல், எந்த உள்ளீட்டில் குழப்பம் வருகிறது என்று எதிர்-உதாரணம் காட்டச் சொல்லலாம். முதலில் அதைப் பாருங்கள்.

எல்லா கான்ஃப்ளிக்டும் பிழையல்ல. இரண்டு இஃப், ஓர் எல்ஸ் என்றால் எல்ஸ் உள் இஃபோடு சேர வேண்டும் என்பதுதான் சி மொழியின் விதி. ஷிஃப்டும் அதையே செய்கிறது. அங்கே 'எதிர்பார்ப்பது 1' என்று எக்ஸ்பெக்ட் வரி எழுதிவிடுங்கள். பின்னாளில் எண்ணிக்கை மாறினால் பைசனே பிழை என்று நிறுத்தும்.

இரண்டு விதிகளில் எதன்படி சுருக்குவது என்ற ரெட்யூஸ்/ரெட்யூஸ் கான்ஃப்ளிக்ட் வந்தால் மட்டும் சமாதானம் வேண்டாம். கோப்பில் முன்னால் இருக்கும் விதிதான் ஜெயிக்கும். யாரோ விதிகளை இடம் மாற்றி அடுக்கினால் மொழியே மாறிப்போகும்.

"பெக் வகைக்கு மாறிவிட்டோம், கான்ஃப்ளிக்டே இல்லை" என்பவர்களும் உண்டு. பெக் (PEG) என்பது தேர்வுகளை வரிசையாக முயன்று, முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும் இலக்கண வகை. பைத்தான்கூட 3.9-இல் பெக் பார்சருக்கு மாறியது. சரி, ஆனால் அங்கே வரிசைதான் எல்லாம். < குறியை <= குறிக்கு முன்னால் வைத்தால், முதல் தேர்வே பொருந்திவிடும்; <= ஒருபோதும் பொருந்தாது. கருவி பெரும்பாலும் எச்சரிக்காது. நீளமானதை முன்னால் வையுங்கள், அந்தக் குறிக்கென்று தனி டெஸ்டும் எழுதிவிடுங்கள்.